அடுத்த புல எண்

3 ஜனவரி, புதன்

இந்த நோட்டில் எழுதப்போவது:

1. நெல் விளைச்சல் படிவங்களைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தில் நடந்தது நடந்தபடி.
2. என்னிடம் உள்ள படிவங்களின் நிலை.
3. உலகநாதன் போகாத இடத்துக்குப் போனதாக எழுதியவர்; நான் போன இடத்தை மட்டுமே எழுதியவன்.
4. இதில் எனக்குச் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை.

வரிசைப்படி எழுத முடியுமா என்று தெரியவில்லை. முயல்கிறேன்.

நான் புள்ளியியல் ஆய்வாளராக இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு அறுவடையிலும் அரசு சில வயல்களைக் குலுக்கல் முறையில் எடுக்கும். குறித்த வயலுக்குப் போய், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடைபோட்டுப் படிவத்தில் எழுதுவது எங்கள் வேலை. உலகநாதனும் அதே வேலைதான். மன்னார்குடி அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் எனக்கு எதிர் மேசை. ஓர் ஆண்டு வடக்கு ஊர்கள் எனக்கு, தெற்கு ஊர்கள் அவருக்கு. மறு ஆண்டு மாற்றிக்கொள்வோம்.

இன்று இருவருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. பன்னிரண்டு நாடுகளில் உணவு விளைச்சலைக் கணினி வழியாகக் கணக்கிட ஒரு வெளிநாட்டுத் திட்டம். வானத்திலிருந்து எடுத்த வயல் படங்களைக் காட்டி, ‘இந்த இடத்தில் இவ்வளவு விளைந்தது’ என்று பழைய களக் கணக்கைக் கொண்டு கணினிக்குச் சொல்லிக் கொடுப்பார்களாம். எங்கள் வட்டாரத்தில் ஒருவருடைய படிவங்களை அடிப்படையாக எடுப்பார்கள். எடுக்கப்பட்டவர் நைரோபி மாநாட்டில் பத்து நிமிடம் பேச வேண்டும்.

எதற்கு இருவருக்கும் கடிதம் என்று விளங்கவில்லை.

4 ஜனவரி, வியாழன்

கார்பன் நகல்களை எண்ணினேன். 1,148. ஒன்றும் குறையவில்லை. ஒன்றில் பூச்சி அரித்திருக்கிறது, எண்களைத் தொடவில்லை. இரண்டு நாளாக மழை விடவில்லை. தொட்டிக்கு மோட்டார் போட மறந்து மனைவி கோமளத்திடம் பேச்சு வாங்கினேன்.

8 ஜனவரி, திங்கள்

வேளாண் அலுவலகத்தில் கூட்டம். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் மெஹருன்னிசா என்ற பெண்மணி, சென்னையிலிருந்து வந்திருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

நான் ஆண்டு வாரியாகக் கட்டி, மூன்று நிறத்தில் பொருளடக்கம் ஒட்டிக் கொண்டுபோனேன். உலகநாதன் அரை மணி நேரம் தாமதமாக, ஒரு கோணிச் சாக்கோடு வந்தார்.

“மூட்டையில என்ன சார்?” என்று மெஹருன்னிசா கேட்டார்.

“கணக்கும்மா. சாக்குல போட்டா எலி கண்டுக்காதுன்னு நெனச்சேன். அது உள்ளயே குடித்தனம் வச்சிருச்சு.”

அறையே சிரித்தது. அவர் என் பக்கம் கை காட்டினார்.

“நம்ம அகோரத்தப் பாருங்க. கல்யாண ஆல்பம் மாதிரி கொண்டாந்திருக்கான். அகோரமூர்த்தின்னு பேரு வச்சாங்களே தவிர, இவன் ஒரு பூனைய வெரட்டி நான் பாத்ததில்ல.”

அதற்கும் சிரித்தார்கள். தேநீர் முதலில் அவருக்குப் போனது. திரும்பும்போது ஜீப்பில் முன் இருக்கையும் அவருக்கே. என் பொருளடக்கத்தை மெஹருன்னிசா இரண்டு முறை புரட்டிப் பார்த்து “ரொம்ப நீட்டா இருக்கு சார்” என்றார். இரண்டு முறை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

11 ஜனவரி, வியாழன்

கைப்பேசியில் படிவங்களை ஏற்றக் கற்றுக்கொண்டேன். வயலின் புல எண்ணைத் தட்டினால் இடம் தானாக வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு நூறு முடிகிறது. ‘வயல் மாற்றப்பட்டதா?’ என்று ஒரு கட்டம். குலுக்கலில் வந்த வயலை அணுக முடியாவிட்டால் அடுத்த புல எண்ணை, அதாவது பக்கத்து வயலை, எடுக்கலாம் என்பது விதி. அப்படி எடுத்த இடங்களில் எல்லாம் ‘ஆம்’ என்று ஒழுங்காக அடித்துவிடுகிறேன். எதையும் மறைக்கவில்லை.

உலகநாதன் இன்னும் மூக்குக்கண்ணாடியே மாற்றவில்லையாம்.

“அவரு கண்ணாடி மாத்தலன்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்றாள் கோமளம்.

“மருந்துக் கடையில் விசாரித்தேன்.”

“மருந்து வாங்குனீங்களா?”

மறந்துவிட்டேன்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். பத்தரைக்கு உலகநாதன் வந்தார். கோமளம் வடையைத் தட்டில் அடுக்கி வைத்தாள்.

“தங்கச்சி, நைரோபியில சிங்கம் ரோட்டுலயே நடமாடுமாமே. நம்ம அகோரம் போனான்னு வையி, ‘நீங்க முன்னாடி போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல’ன்னு சிங்கத்துக்கு வழி விட்டுட்டு நிப்பான்.”

கோமளம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. அவர் ஏழு வடை சாப்பிட்டார்.

17 ஜனவரி, புதன்

திட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு முறை கிழித்து ஐந்தாவது முறை சரியாக வந்தது. கையெழுத்தில்லாத மனுக்களை நான் ஒருநாளும் மதித்ததில்லை, ஆகவே கையெழுத்திட்டேன். சாரம்:

உலகநாதனின் படிவங்கள் பல நேரம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. களத்தில் எழுதியவை அல்ல. நெடுந்திடல் ஊரில் நான் போன ஆண்டுகளில் விளைச்சல் நன்றாக இருக்கும். அவர் போன ஆண்டுகளில் பாதியாகும். ஆண்டு விட்டு ஆண்டு ஒரு மண் இப்படி நடந்துகொள்ளாது. தவிரவும் அதே ஊரில் வடிகாலுக்கு அப்பால் இருக்கும் அக்கரைத்திடல் வயல்களில் அறுத்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார். தை மாதத்தில் அந்த வடிகாலில் கழுத்தளவு தண்ணீர் ஓடும். மனிதர் கடக்க முடியாது. கரையில் நின்று நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் உறையில் முகவரி இரண்டு முறை தவறிப்போனது. சர்க்கரை குறைந்திருக்கலாம்.

18 ஜனவரி, வியாழன்

அனுப்பினேன்.

24 ஜனவரி, புதன்

மெஹருன்னிசா தொலைபேசியில் அழைத்தார்.

“சார், உங்க டேட்டாவையே எடுத்துக்கறோம். ஒரு கட்டம்கூட காலியா இல்ல. உலகநாதன் சாரோட மூட்டைய ஒதுக்கி வச்சிட்டோம். உங்க லெட்டரும் வந்துச்சு. அதோட, அந்தக் கையெழுத்த எங்க ஆபீஸ்ல ஒருத்தராலயும் படிக்க முடியல.”

“மூட்டையைப் பிரித்துப் பார்த்தீர்களா?”

“மேல இருந்த பத்துப் பதினஞ்சு பேப்பர் பாத்தோம் சார். போதும்னு விட்டுட்டோம்.”

இந்த மாத மழையில் சாய்ந்த பயிருக்கு நிவாரணப் பட்டியல் தயாராகிறதாம். அதையும் கணினி தரும் விளைச்சல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள். பட்டியலை முடிக்க பிப்ரவரி 20 கடைசி நாள். என் எண்கள் இவ்வளவு சீக்கிரம் பயன்படும் என்று எதிர்பார்க்கவில்லை.

கோமளத்திடம் சொன்னேன். “உலகநாதன் அண்ணனுக்குத் தெரியுமா?” என்றுதான் முதலில் கேட்டாள். நைரோபியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் எடுத்தேன். காது பெரிதாக விழுந்திருக்கிறது.

27 ஜனவரி, சனி

காய்கறிக் கடையில் உலகநாதன். நான் பார்க்காததுபோல் நகர்ந்தேன், அவர் விடவில்லை.

“என்னய்யா அகோரம், ஏரோப்ளேன் ஏறப்போற. கத்திரிக்காயெல்லாம் இன்னும் நீதான் வாங்கணுமா?”

“உங்களுக்கு… வருத்தம் ஒண்ணும் இல்லையே?”

“எனக்கென்னய்யா வருத்தம். எவனோ எழுதிப் போட்டிருக்கான். எழுத்து முத்து முத்தா இருந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. பேரச் சொல்லல. நானும் கேக்கல.” ஒரு கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பையில் போட்டார். “இது நல்லாருக்கு. எடுத்துட்டுப் போ.”

அவருக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

2 பிப்ரவரி, வெள்ளி

அலுவலகத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரையில் வரைபடம் போட்டார்கள். என் படிவங்கள் ஒவ்வொன்றும் ஒரு சிவப்புப் புள்ளி. மேலே ஆங்கிலத்தில் என் பெயர். எல்லோரும் கை தட்டினார்கள். உலகநாதன் வரவில்லை. வந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு உற்றுப் பார்த்தேன். புள்ளிகள் பரவலாக இல்லை. கோடு கோடாக இருந்தன. மன்னார்குடிச் சாலை நெடுகப் புள்ளிகள். அப்புறம் பெரிய வாய்க்காலின் இக்கரை நெடுக. பாலம் இருக்கும் இடங்களில் கொத்தாக. நடுவில் பெரிது பெரிதாக வெற்றிடங்கள். நெடுந்திடலில் வடிகாலுக்கு அப்பால் இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒரு புள்ளிகூட இல்லை.

குலுக்கல் அப்படி விழாது. குலுக்கலுக்குச் சாலை எது, வாய்க்கால் எது என்று தெரியாது.

“எப்படி சார் இருக்கு?” என்றார் மெஹருன்னிசா.

“நிறம் நன்றாக இருக்கிறது” என்றேன்.

3 பிப்ரவரி, சனி

எண்ணினேன். 1,148 படிவங்களில் 412-இல் ‘அணுக இயலவில்லை, அடுத்த புல எண்’. அடுத்த எண்ணும் எட்டாவிட்டால் அதற்கும் அடுத்தது. எட்டும் வரை.

5 பிப்ரவரி, திங்கள்

ஆட்டோ பேசிக்கொண்டு நெடுந்திடல் போனேன். கோமளத்திடம் கண் மருத்துவர் என்று சொன்னேன்.

வடிகாலுக்கு இப்போது பாலம் கட்டிவிட்டார்கள். அதைக் கடக்கவே கால் கொஞ்சம் தயங்கியது. அப்பால் அக்கரைத்திடல், நாற்பது வீடுகள். பயிர் தரையோடு சாய்ந்து, கதிரிலேயே முளை விட்டிருந்தது. அறுபது வயதுப் பெண் ஒருத்தி முளைத்த கதிரை அரிந்து மாட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். பெயர் மாரிக்கண்ணு.

“நிவாரணத்துக்கு எழுத வந்தீங்களா சார்?”

“இல்லை. நான் பழைய ஆள். விளைச்சல் கணக்கு எடுத்தவன்.”

“வெளச்சலுக்கு வர்ற ஆபிசரா? அவரு வேற ஆளாச்சே. ஒசரமா, கறுப்பா. வேட்டிய அவுத்துத் தலையில முண்டாசாக் கட்டிக்கிட்டு, தராச ஒத்தக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு நீந்தியாருவாரு. எங்க மாமியா கரையில நின்னு, ‘ஆபிசரு வர்றாரு, எல்லாரும் அந்தாண்ட திரும்பிக்கங்கடி’ன்னு சத்தம் போடும்.” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அறுத்து எடை போட்டு பீடிக்கட்டு காயிதத்துல எழுதிக்குவாரு. நோட்டு நனைஞ்சிரும்ல? உங்கள நான் பாத்ததே இல்லியே சார்.”

“நான் அந்தப் பக்கம்… சாலைப் பக்கம்.”

“ஓகோ.” கட்டை இறுக்கினாள். “நிவாரணப் பட்டியல்ல எங்க தெருவே இல்லையாம் சார். போன்ல படத்தக் காட்டுறாங்க. ‘நெடுந்திடல்ல நல்லா வெளஞ்சிருக்கு’ங்குது. இங்க வந்து பாருங்கன்னா, ‘படத்துல எல்லாம் தெரியும்’ங்குறாங்க. அந்தப் படத்துக்கு எங்க வயல யாரு சார் காட்டிக் குடுத்தது?”

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. முப்பது ஆண்டு கழித்தும் அவரை நினைத்து ஒருத்தி சிரிக்கிறாள். என்னை நினைக்க இந்த வட்டாரத்தில் எந்த வயலில் யார் இருக்கிறார்கள்? நினைக்க வேண்டியது இதுவல்ல என்று தெரிந்தும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

6 பிப்ரவரி, செவ்வாய்

விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ‘அணுக இயலாத நிலையில்’ என்றுதான் இருக்கிறது. யாருக்கு இயலாத நிலையில் என்று இல்லை.

கோமளத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதத்தையும்.

“இப்ப என்ன பண்ணப்போறீங்க?”

“பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. படிவத்தில் பிழை கிடையாது.”

“அந்தப் பொம்பள மாட்டுக்கு நெல்லறுத்துப் போடுறாங்குறீங்க.”

“சொன்னால் உலகநாதன்தான் நைரோபி போவார்.”

“போகட்டுமே.”

“நீ சுலபமாகச் சொல்கிறாய்.”

“நான் ஒண்ணும் சுலபமாச் சொல்லல. உங்க போட்டோவக்கூட சட்டம் போடக் குடுத்துட்டேன்.”

7 பிப்ரவரி, புதன்

இரண்டு முறை அலுவலக வாசல் வரை போய்த் திரும்பினேன்.

8 பிப்ரவரி, வியாழன்

உள்ளே போனேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். வரைபடத்தைப் போடச் சொல்லி, வெற்றிடங்களைக் குடையால் தொட்டுக் காட்டினேன்.

“இங்கெல்லாம் நான் போகலை, மேடம். சாலையோரத்து நல்ல வயலை மட்டும் உங்க கணினிக்குக் காட்டியிருக்கேன். அது ஊர் முழுக்க அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கு.”

“விதிப்படிதானே சார் பண்ணியிருக்கீங்க?”

“விதிப்படிதான். நானூத்திப் பன்னிரண்டு தடவை விதிப்படி.”

“ஏன் சார் போகல?”

“தண்ணி. பாம்பு. சில இடத்துல வயல்காரங்க சத்தம் போடுவாங்க.” இன்னும் சொல்ல வேண்டியிருந்தது. “எனக்குப் பயம், மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

“அப்ப அந்த லெட்டர்?”

“தப்பு. வாபஸ் வாங்கிக்கிறேன். அவர் நிஜமாகவே போயிருக்கார். பார்த்தவங்க இருக்காங்க.”

மெஹருன்னிசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்க இத கவனிச்சிருக்கணும் சார். சுத்தமா இருந்துச்சுன்னு அப்படியே எடுத்துக்கிட்டோம்.” பிறகு மேசை மூலையைக் காட்டினார். அங்கே கோணிச் சாக்கு. “இருபதாம் தேதிக்குள்ள இத ஏத்தினாத்தான் பட்டியல மாத்த முடியும். ஆனா இந்த எழுத்த யாரு சார் படிப்பா?”

பத்தொன்பது ஆண்டுகள் எதிர் மேசை.

“நான் படிப்பேன்” என்றேன்.

12 பிப்ரவரி, திங்கள்

மூட்டைப் படிவங்களை ஏற்ற ஆரம்பித்து நான்காம் நாள். 340 முடிந்தது. எலிப் புழுக்கையைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு ஏற்றுகிறேன். ஒவ்வொரு படிவத்தின் பின்னாலும் ஒரு பீடிக்கட்டு உறை, குண்டூசியால் குத்தப்பட்டிருக்கிறது. உறையில் பென்சிலால் எடை. சிலவற்றில் சேறு. ஒன்றில் ‘வயல்காரன் அடிக்க வந்தான். பிறகு கள் கொடுத்தான்’ என்று எழுதியிருந்தது. அதற்கான கட்டம் கைப்பேசியில் இல்லை.

ஒவ்வொரு தேதியையும் பார்க்கும்போது அன்று நான் எங்கே இருந்தேன் என்று பார்க்கத் தோன்றுகிறது. என் பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் நாலு மணிக்குள் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

14 பிப்ரவரி, புதன்

சில எண்கள் ஈரத்தில் அழிந்திருந்தன. அவரிடமே கேட்க வேண்டியதாயிற்று. உறைகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்.

“அந்தக் கடிதம் நான் எழுதினது.”

“தெரியும்யா.”

“எப்படி?”

“பத்தொன்பது வருஷம் எதிர்ல உக்காந்திருக்கேன். முத்து முத்தா எழுதி, கையெழுத்தும் போட்டு மொட்டக் கடுதாசி அனுப்புற ஆளு இந்த ஜில்லாவுல வேற எவன் இருக்கான்? நாலு தடவ கிழிச்சிருப்பே.”

“நாலு தடவைதான்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“பொய்யிக் கணக்குன்னு எழுதிட்டியேய்யா. சோம்பேறின்னு எழுது, குடிகாரன்னு எழுது, சரின்னு போயிருவேன். மூணு தடவ டைபாயிடு வந்துச்சுய்யா எனக்கு அந்தத் தண்ணியில.”

டைபாய்டு விடுப்பு எனக்கு நினைவிருந்தது. குடிப்பதற்கு விடுப்பு எடுக்கிறார் என்று அப்போது நான் நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் ஓர் உறையைக் கையில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். “கண்ணாடி மாத்தணும். ம்… ஏழு கிலோ முன்னூறு. எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன்.

19 பிப்ரவரி, திங்கள்

உலகநாதனின் 903 படிவங்களும் ஏறிவிட்டன. மாலையில் மெஹருன்னிசா புதிய படத்தைக் காட்டினார். அவருடைய புள்ளிகள் நீலம். மழைத்தூறல்போல் எங்கும் விழுந்திருக்கின்றன. அக்கரைத்திடலில் மட்டும் பதினேழு. அங்கே விளைச்சல் குறைவு என்று இப்போது கணினி சொல்கிறது. நாளைக் காலை வயலை நேரில் பார்க்க ஆட்கள் போகிறார்கள். மாரிக்கண்ணுவின் தெரு மறு ஆய்வுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அச்சிட்ட தாளில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நைரோபிக்கு அவர் போகிறார். பத்து நிமிடம் பேசுவார். முதல் நிமிடத்திலேயே பன்னிரண்டு நாட்டுக்காரர்களும் சிரித்துவிடுவார்கள். எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: அவருடைய பேச்சைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதில் என் சிவப்புப் புள்ளிகளையும் காட்டப்போகிறாராம். “பேரு போடவாய்யா, வேணாமா?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மதியம் முழுவதும் யோசித்தேன். போடச் சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் முழுக்க என் புள்ளிப் படம் வருகிறது. அவருடையது அரைப் பக்கம்தான்.

எழுதியவற்றைச் சரிபார்க்க முதல் பக்கத்துக்குப் போனேன். ஒன்றும் இரண்டும் சரி. சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை என்ற நான்காவதைக் கோமளத்திடம் படித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதை அப்படியே விட்டுவைக்கிறேன்.

மூன்றாவது தவறு. உலகநாதன் போகாத இடத்துக்குப் போனதாக எழுதியவர் என்ற முதல் பாதி பொய். நான் போன இடத்தை மட்டுமே எழுதியவன் என்ற இரண்டாம் பாதி உண்மை. அக்கரைத்திடலுக்குக் கெடுதல் செய்தது அந்த உண்மைதான்.